கண்ணாடிப் பேழையும் கரித்தூசும்

பழம்பொருள் ஒன்றின் விலையும் அதன் வரலாற்றுப் பெறுமதியும் ஒன்றுதானா? வரலாறு கற்பிப்போரும் கற்போரும் எதிர்கொள்ளவேண்டிய வினா இது. கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஏட்டுச்சுவடி ஆகியவற்றைக் குறித்து இவ்வினாவை எழுப்புவோர் உண்டு. ஆனால் விளையாட்டரங்கின் எச்சங்களைக் குறித்து எழுப்புவோர் நம்மிடையே மிகச் சிலரே. விளையாட்டு பொழுதுபோக்கு, அதன் மிச்சசொச்சம் பணம் படைத்தோரின் ஆசைப்பண்டம் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும், கூலியும் உடைமையும், சாதியும் நிறமும் ஒரு காலத்தில் எவ்வாறு இயங்கின என்பதற்கு ஒரு பழைய தொப்பியும் ஓட்டப் பதிவேடும் சான்று கூறும். அச்சான்றைச் சேகரிப்பவர் யார், எதற்காகச் சேகரிக்கிறார் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அமெரிக்காவில் 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பனி தன் சிகரெட்டுப் பெட்டிகளுக்குள் பேஸ்போல் வீரரின் படம் அச்சிட்ட சிறு அட்டைகளை வைத்து விற்றது. அவற்றுள் ஹோனஸ் வாக்னர் என்பவரின் அட்டை சில காலத்திலேயே நிறுத்தப்பட்டது. புகையிலை விற்பனைக்குத் தம் உருவம் பயன்படுவதை அவர் விரும்பவில்லை என்பர் சிலர். தமக்குரிய பணம் தரப்படாமையே காரணம் என்பர் வேறு சிலர். இன்று எஞ்சியுள்ளவை ஏறத்தாழ 60. அவற்றுள் ஒன்று 2022இல் 72.5 இலட்சம் டொலருக்குக் கைமாறியது. வாக்னர் ஜேர்மனியிலிருந்து குடியேறிய ஒரு தொழிலாளியின் மகன். பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் சிறுவயதிலேயே வேலைக்குச் சென்றவர். சுரங்கத்துச் சிறுவனுக்குக் கிடைத்த கூலியையும் அவன் உருவம் பொறித்த அட்டையின் விலையையும் அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு, சந்தை எதை மதிக்கிறது என்பது விளங்காமற் போகாது.

தொழின்முறைப் பேஸ்போலின் தொடக்க காலம் உண்மையில் ஒரு தொழிலாளர் வரலாறேயாகும். 1869இல் சின்சினாட்டி ரெட் ஸ்டொக்கிங்ஸ் அணி தன் வீரர்க்கு வெளிப்படையாகவே சம்பளம் கொடுத்தது. பத்தாண்டு கழிந்து, 1879இல், முதலாளிமார் கூடி ஒரு விதி செய்தனர். ஒப்பந்தக் காலம் முடிந்தபின்னும் வீரன் வேறு அணிக்குச் செல்லலாகாது. அவனை வைத்திருப்பதும் விற்பதும் முதலாளியின் உரிமை என்பதே அவ்விதி. 1885இல் ஜோன் மொன்ற்கொமரி வார்ட் என்ற வீரர் தோழரைத் திரட்டிச் சங்கம் அமைத்தார். சட்டம் பயின்ற அவர், விளையாட்டு வீரன் ஒருவனின் உடைமைப் பொருளா என்று பகிரங்கமாக வினவினார். 1890இல் வீரர்கள் தமக்கென ஒரு போட்டித் தொடரையே நடத்திக் காட்டினர்; பணபலத்தின்முன் அது ஒரே பருவத்தில் முடிந்தது. அந்த விதி தகர்வதற்கு 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அக்காலத்து அட்டை ஒன்றைக் கையில் எடுப்பவர் இவற்றையெல்லாம் அறிந்திருந்தாலன்றி, அவர் கையில் இருப்பது வெறும் வண்ணத் தாளே.

இவ்வினாவை இனி நம் வாசலுக்கே கொண்டுவருவோம். கொழும்பின் கொச்சிக்கடை துறைமுகத்தை ஒட்டிய பகுதி. கொச்சியிலிருந்து வந்த வணிகரால் இப்பெயர் ஏற்பட்டது என்பர். அந்தோனியார் கோயிலுக்கும் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்கும் இடைப்பட்ட வீதிகளில் வாழ்ந்த மக்களின் வாழ்வைத் துறைமுகமே நெடுங்காலம் நிர்ணயித்தது. இலங்கையின் துடுப்பாட்ட வரலாற்றிலும் அத்துறைமுகத்துக்கு ஓர் இடமுண்டு. 1875இல் கொழும்பு அலைதடுப்பு அணையின் வேலை தொடங்கியது, 1885இல் முடிந்தது. காலித் துறையில் நின்ற பெருங்கப்பல்கள் கொழும்புக்கு வரலாயின. இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல்கள் இங்கே நின்று நிலக்கரி ஏற்றின. அவ்வேளையில் பயணிகள் கரைக்கு வந்தனர். பயணிகளுள் துடுப்பாட்டக்காரர் இருந்தால் ஓர் ஆட்டமும் நடைபெற்றது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் பிறரும் கரிமூட்டை சுமந்து கப்பலின் வயிற்றை நிரப்பிய அந்த மணித்தியாலங்களே புகழ்பெற்ற வெளிநாட்டு வீரரைக் கொழும்பு மக்கள் காண்பதற்குக் கிடைத்த அவகாசம்.

1882 ஒக்டோபரில் ஐவோ பிளை என்ற பிரபுவின் தலைமையில் இங்கிலாந்து அணி இவ்வாறு வந்து இறங்கி ஆடிச் சென்றது. அவ்வணியில் எண்மர் ஊதியம் பெறாத கனவான்கள். நால்வர் ஊதியத்துக்கு ஆடும் தொழின்முறையாளர். கொழும்பை விட்டுப் புறப்பட்ட அவர்களின் பெஷாவர் என்ற கப்பல் நடுக்கடலில் கிளென்றோய் என்ற பாய்க்கப்பலுடன் மோதியது. தொழின்முறைப் பந்துவீச்சாளரான பிரெட் மோர்லியின் விலா எலும்பு காயமுற்றது. கப்பல் கொழும்புக்கே திரும்பிச் செப்பனிடப்பட்டது. காயத்தின் தன்மை நெடுநாள் சரியாக அறியப்படவில்லை; மோர்லி அவுஸ்திரேலியாவில் அக்காயத்துடனேயே பந்து வீசினார். உடல்நலம் மீளாமலே 1884இல், 33 வயதில், அவர் இறந்தார்.

அதே பயணத்தில் பிளை பிரபுவுக்கு அவுஸ்திரேலியாவில் ஒரு சிறு மட்கலசம் அன்பளிப்பாகக் கிடைத்தது. ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர் உயரமே உள்ள அக்கலசந்தான் 'சாம்பல்' எனப் பெயர் பெற்ற போட்டியின் சின்னம். இன்று அது லண்டன் லோர்ட்ஸ் மைதானத்து அரும்பொருளகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. விளையாட்டுலகின் நினைவுப்பொருள்களுள் அதைப்போலப் புகழ் பெற்றது வேறில்லை எனலாம். ஒரே கப்பலில் சென்றவருள் பிரபுவின் கலசம் பேழைக்குள் சென்றது. கூலிக்குப் பந்து வீசியவரின் முறிவு நூல்களின் ஓரக்குறிப்பானது. கப்பலுக்குக் கரி சுமந்தவருக்கோ அந்த ஓரக்குறிப்பும் இல்லை. நினைவைப் பேணுவதிலும் வர்க்க வேறுபாடு உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இவ்வேறுபாடு பழம்பொருளின் மேற்பரப்பிலேயே எழுதப்பட்டிருப்பதும் உண்டு. இங்கிலாந்தின் பழைய ஓட்டப் பட்டியல்களைக் கூர்ந்து நோக்குவோர், கனவான்களின் பெயருக்கு முன்னே முதலெழுத்துக்கள் வருவதையும், தொழின்முறையாளருக்கு அவை பெயரின் பின்னே தள்ளப்பட்டோ அறவே விடப்பட்டோ இருப்பதையும் காண்பர். இரு சாராரும் உடைமாற்றிய அறைகள் வேறு. மைதானத்துக்குள் நுழைந்த வாயில்களும் வேறு. 1962இல்தான் இப்பாகுபாடு முறைப்படி ஒழிக்கப்பட்டது. ஓட்டங்களை மட்டும் எண்ணும் சேகரிப்பாளரின் கண்ணுக்கு இது படாது. எழுத்தமைப்பையும் நோக்கும் மாணவனுக்கோ அந்தத் தாள் ஒரு சமூக ஆவணமாகிறது.

இலங்கையில் துடுப்பாட்டம் படையினருடனும் ஆட்சியாளருடனும் வந்தது. 1832 செப்டம்பரில் கொழும்பு ஜேர்னல் பத்திரிகை ஒரு கழகம் அமைக்குமாறு அழைப்பு விடுத்தது. அவ்வாண்டிலேயே கொழும்பு கிரிக்கெட் கழகம் தோன்றியது. நெடுங்காலம் அது ஐரோப்பியருக்கே உரியதாயிருந்தது. 1879இல் றோயல் கல்லூரிக்கும் சென் தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான போட்டி தொடங்கியது. பின்னையது 1918இல் கல்கிசைக்குப் பெயருமுன்னர் கொச்சிக்கடையிலிருந்து நடந்து செல்லத்தக்க முகத்துவாரத்துப் பக்கத்திலேயே இருந்தது என்பதை இன்றைய மாணவர் பலர் அறியார். 1887 முதல் 1933 வரை ஐரோப்பியருக்கும் இலங்கையருக்கும் இடையே ஆண்டுதோறும் ஆட்டம் நடந்தது. அவ்வாட்டத்தில் அடக்கப்பட்ட மக்களின் தன்மானம் ஓரளவு வெளிப்பட்டது என்பதை மறுக்கவியலாது.

ஆனால் இலங்கையர் அமைத்த கழகங்களோ இனத்தின் வேலிக்குள்ளேயே நின்றன. பறங்கியருக்கு 1896இல் ஒரு கழகம். தமிழருக்கு 1899இல் தமிழ் யூனியன். அதே ஆண்டில் சிங்கள விளையாட்டுக் கழகம். சோனகருக்கு 1908இல் ஒரு கழகம். அவ்வவ் வேலிக்குள் இடம்பெற்றோரும் பெரும்பாலும் ஆங்கிலம் படித்த மேல்தட்டினரே. எனவே எஞ்சியுள்ள வெள்ளிக் கிண்ணங்களும் அணிப் படங்களும் கோடிட்ட மேலங்கிகளும் அவர்களையே பேசுகின்றன. 1924இல் எஸ். பி. பொனாந்தர் எழுதி வெளியிட்ட, இலங்கைத் துடுப்பாட்டத்தின் அறுபதாண்டு பற்றிய ஆங்கில நூல் இன்று கிடைத்தற்கரியது. அத்தகைய நூல்கள் இல்லையேல் நாம் இவ்வளவும் அறிந்திரோம் என்பது உண்மை. அவற்றின் உழைப்பை மதித்துக்கொண்டே, அவற்றுள் யார் இல்லை என்றும் கேட்கவேண்டியது நம் கடமை.

இல்லாதவர் யார்? புல் வெட்டியவர், உருளை இழுத்தவர், வலைக்குள் துரைமாருக்குப் பந்து வீசிக் கொடுத்தவர். இந்தியத் துணைக்கண்டத்தில் ஊதியத்துக்காக விளையாட்டுக் களத்தில் நின்ற முதல் மனிதர்கள் இவர்களே. இவர்களுள் ஒருவர் மட்டும் வரலாற்றின் வெளிச்சத்துக்கு வந்தார். அவர் பல்வாங்கர் பாலு. தாழ்த்தப்பட்ட சாமர் குலத்தில் பிறந்த அவர், பூனாவில் பார்சிகளின் கழகத்தில் மாதம் 3 ரூபாய்க்கு மைதான வேலை செய்தார். பின்னர் ஐரோப்பியரின் பூனாக் கழகத்தில் 4 ரூபாய் பெற்றார். அங்கே கிரேக் என்ற ஆங்கிலத் துடுப்பாட்டக்காரருக்கு நாள்தோறும் பந்து வீசியே தம் கலையைத் தீட்டிக்கொண்டார். துடுப்பைப் பிடித்து ஆடும் வாய்ப்பு அவருக்கு அங்கே தரப்படவில்லை. துடுப்பு எசமானனுக்குரியது, பந்து வேலைக்காரனுக்குரியது என்பதே அக்கால நியதி.

பாலுவின் திறமையை வேண்டிய இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆட்டக் களத்தில் அவர் தொட்ட பந்தை ஏனையோரும் தொட்டனர். தேநீர் வேளையிலோ அவருக்கு மண்டபத்தின் வெளியே மட்குவளையில் தேநீர் கொடுக்கப்பட்டது. 1906இல் பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியரை வென்ற ஆட்டத்தில் அவர் பெரும்பங்கு கொண்டார். 1911இல் இந்திய அணியுடன் இங்கிலாந்து சென்று 100க்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். எனினும் இந்துக்களின் அணிக்குத் தலைமை அவருக்கு வழங்கப்படவில்லை; அவர் தம்பி வித்தல் 1923இல் அதனைப் பெற்றார். இப்போது ஒன்று கேட்போம். பாலுவின் காலத்துப் பொருள்களுள் வரலாற்றுக்கு மிகவும் வேண்டியது எது? அவர் வீசிய பந்தா, அவர் அணிந்த தொப்பியா? அந்த மட்குவளையே என்பேன். ஏலக் கடையில் அதற்கு விலையில்லை. குடித்தபின் எறிந்து உடைப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. ஒடுக்குமுறையின் சான்றுகள் பெரும்பாலும் இவ்வாறே எறியப்படத்தக்க பொருள்களாக இருக்கின்றன.

நம் நாட்டிலும் இத்தகைய இடைவெளி உண்டு. 1948 மார்ச் 27ஆம் நாள் டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி, இங்கிலாந்துக்குச் செல்லும் வழியில், கொழும்பு ஓவல் மைதானத்தில் இலங்கை அணியுடன் ஆடியது. பிரட்மன் 20 ஓட்டங்கள் எடுத்தார். ஆட்டத்தின்போது ஐயம் எழுந்து ஆடுகளத்தை அளந்து பார்த்தபோது, 22 யார் இருக்கவேண்டிய நீளம் 20 யார் மட்டுமே இருந்தது. இந்நிகழ்ச்சி இன்றும் நகைச்சுவையாகச் சொல்லப்படுகிறது. நான் படித்த குறிப்புகளில் வீரர் அனைவரின் பெயரும் உண்டு. அந்த ஆடுகளத்தை வெட்டிச் செப்பனிட்ட தொழிலாளரின் பெயர் மட்டும் இல்லை. பிரட்மன் 1928இல் தம் முதலாவது டெஸ்ட் ஆட்டத்தில் அணிந்த தொப்பி 2020இல் 4,50,000 அவுஸ்திரேலிய டொலருக்கு விற்கப்பட்டது. மைதானத் தொழிலாளரின் சம்பளப் பதிவேடு எங்கேனும் ஒரு கழகத்தின் பின்னறையில் கிடந்தால், கறையான் அரிப்பதற்கு முன் அதனைத் தேடி எடுப்பவர் யார்?

அன்று இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவன் சதாசிவம். கொழும்பு வெஸ்லிக் கல்லூரியில் பயின்ற அத்தமிழர் 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் குவித்தவர். இலங்கைக்கு மட்டுமன்றிச் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் தலைமை தாங்கியவர். 1977இல் அவர் மறைந்தார். நான்காண்டுகளின் பின், 1981 ஜூலையில், இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது. 1982 பெப்ரவரி 17இல் முதலாவது டெஸ்ட் ஆட்டம் தொடங்கிய மைதானம், துடுப்பாட்டச் சபையின் முதல் தலைவரான பா. சரவணமுத்து என்ற தமிழரின் பெயர் தாங்கியது. தமிழ் யூனியனின் சொந்த மைதானமும் அதுவே.

இவ்வெற்றியின் இருபுறமும் நிகழ்ந்தவற்றை மறைத்து வரலாறு எழுத இயலாது. டெஸ்ட் தகுதி கிடைப்பதற்கு ஏறத்தாழ ஏழு வாரங்களுக்கு முன், 1981 ஜூன் 1ஆம் நாளை ஒட்டிய இரவில், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. முதலாவது டெஸ்ட் ஆட்டத்தின் பின் ஒன்றரை ஆண்டு கழிவதற்குள், 1983 ஜூலையில், வெள்ளவத்தையிலும் கொழும்பின் பிற பகுதிகளிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிரிழப்பின் முன் பொருளிழப்பைப் பேசுவது தகாது. ஆயினும் எரிந்த வீடுகளின் சுவர்களில் தொங்கிய பாடசாலை அணிப் படங்களும், அலுமாரியில் இருந்த கிண்ணங்களும், பெட்டியில் மடித்து வைத்த பத்திரிகைத் துணுக்குகளும் அத்தீயிற் போயின. தப்பியோர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினர். படத்தைக் கழற்ற அவர்களுக்கு நேரமில்லை. வெளிநாட்டிற் பொருள் அரிதாவதற்குச் சந்தை காரணமாயிருக்கலாம். இங்கே அரிதானதற்குத் தீ காரணம்.

அழிந்தது அழிந்ததே என்று கைகட்டி இருப்பதா? அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு நமக்கு வேறொரு பாடம் தருகிறது. 1884இல் டொலிடோ அணியில் மோசஸ் பிளீற்வுட் வாக்கர் என்ற கறுப்பர் ஆடினார். அதன் பின் முதலாளிமாரின் எழுதப்படாத உடன்பாடு கறுப்பரை வெளியே தள்ளியது. 1947இல் ஜாக்கி றொபின்சன் நுழையும்வரை கதவு மூடியே இருந்தது. எழுதப்படாத உடன்பாட்டுக்கு எந்த அருங்காட்சியகத்திலும் மூலப்பிரதி இராது. தள்ளப்பட்டவர்கள் 1920 முதல் தமக்கெனத் தனித் தொடர்களை நடத்தினர். அவர்களுள் தலைசிறந்தவரான ஜோஷ் கிப்சன் 1947இல் இறந்தார். 1975வரை அவர் கல்லறையில் பெயர்ப்பலகைகூட இல்லை.

பெரும் பத்திரிகைகள் அவ்வாட்டங்களைப் பொருட்படுத்தவில்லை. பிற்ஸ்பர்க் கூரியர், சிக்காகோ டிபெண்டர் முதலிய கறுப்பின மக்களின் பத்திரிகைகளே ஓட்ட விபரங்களை அச்சிட்டன. பிற்காலத்து ஆய்வாளரும் ஆர்வலரும் பல்லாண்டுகள் முயன்று அந்தப் பழைய தாள்களிலிருந்து ஆட்டம் ஆட்டமாக விபரங்களைத் திரட்டினர். 2024 மே மாதத்தில் அவ்விபரங்கள் தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. 2,300க்கு மேற்பட்ட வீரர்களின் பெயர் அதில் ஏறியது. வாழ்நாள் அடிச் சராசரியில் முதலிடம் ஜோஷ் கிப்சனுக்கு உரியதாயிற்று. ஏலத்தில் விலைபோகாத மஞ்சள் படிந்த பத்திரிகைத் தாள் ஒரு நாட்டின் பதிவேட்டையே மாற்றியது. சேகரிப்பு என்ற செயல் நீதியின் கருவியாகவும் ஆகக்கூடும் என்பதை இது நிறுவுகிறது.

ஆகவே நம் பாடசாலைகள் செய்யக்கூடியது சிறிதன்று. ஒவ்வொரு பாடசாலையிலும் பழைய ஓட்டப் பதிவேடுகளும், ஆண்டு மலர்களும், அணிப் படங்களும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. படத்தில் இருப்போர் பெயரை அறிந்த முதியோர் வாழும்போதே கேட்டு எழுதவேண்டும். படத்தின் மேலன்று, தனித்தாளில் பென்சிலால் எழுதி அதனுடன் சேர்த்து வைக்கவேண்டும். அமர்ந்திருப்போரின் பெயரோடு, ஓரத்தில் உருளையருகே நிற்பவரின் பெயரையும் கேட்கவேண்டும். துறைமுகத் தொழிலாளர் ஒழுங்கைகளில் விளையாடிய உதைபந்தாட்டம், அவர்கள் தாமே சேர்த்து வாங்கிய கிண்ணம், சங்க இரசீது, நுழைவுச்சீட்டு ஆகியனவும் சான்றுகளே. 1930இல் தொடங்கிய வீரகேசரியினதும் 1932இல் தொடங்கிய தினகரனினதும் பழைய இதழ்களில் விளையாட்டுச் செய்திகளைத் தேடிப் படியெடுப்பது மாணவர்க்கு நல்ல ஆய்வுப் பயிற்சியாகும். 2005 முதல் இயங்கிவரும் 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்து ஆவணங்களைப் பிரதிசெய்து எவரும் படிக்கத்தக்கதாக வைத்திருக்கிறது. ஒரு படி எரிந்தாலும் மறுபடி எஞ்சும் என்ற பாதுகாப்பு 1981இல் நமக்கு இருக்கவில்லை, இன்று இருக்கிறது.

ஒரு நெறி மட்டும் வேண்டும். ஏழை வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு படத்தைப் பெற்றுச் செல்வர் வீட்டு அலுமாரியில் பூட்டிவைப்பது சேகரிப்பாகாது. அது மற்றொரு பறிப்பு. பொருள் உரியவரிடமே இருக்கட்டும். அதன் படியும் அதற்குரியோரின் சொல்லும் பொதுமக்களுடையதாகட்டும். கரி சுமந்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கின்றனர். தம் பாட்டனின் உழைப்பில் நின்ற கப்பலைப் பற்றியும், அதில் வந்தோர் ஆடிய ஆட்டத்தைப் பற்றியும் அவர்கள் ஒருசேரக் கற்கவேண்டும். எவருடைய நினைவு பேணத்தக்கது என்பதை ஏலக்காரனின் சுத்தியல் தீர்மானிக்க விடுவதா, நாமே தீர்மானிப்பதா என்பதே இன்று நம்முன் உள்ள வினா. அதற்கான விடையை இவ்வாண்டிலேயே, நம் பாடசாலையின் பின்னறை அலுமாரியைத் திறந்து, தொடங்கலாம்.